கறுப்புத் தாளின் கதை

பூத்தையல் வகுப்பில் துணியின் மேல் மாதிரிப் படத்தைப் பதிக்கக் கார்பன் தாளைப் பயன்படுத்தியிருப்பீர்கள். விரலெல்லாம் கறையாகி ஆசிரியையிடம் ஏச்சு வாங்கியவர்களும் உண்டு! அந்தக் கறுப்புத் தாள் முதன்முதலில் யாருக்காகப் பிறந்தது தெரியுமா? அலுவலகங்களுக்காக அன்று; பார்வை இழந்தோருக்காக!

இறகுப் பேனாவை மையில் தோய்த்து எழுதிய காலம் அது. பார்வையற்றவர் மை தீர்ந்ததை அறியாமல் பக்கம் முழுவதும் வெறும் இறகால் எழுதிவிடக்கூடும். இக்குறையைப் போக்க எண்ணிய இங்கிலாந்தின் ரால்ஃப் வெட்ஜ்வுட், தாளையே மையில் ஊறவைத்து உலர்த்தினார். அதை வெள்ளைத் தாளின் மேல் வைத்து உலோக முனையால் எழுதினாலே போதும். 1806ஆம் ஆண்டில் இதற்குக் காப்புரிமை பெற்றார்.

அக்காலத்திலேயே இத்தாலியில் பெல்லெக்ரினோ துர்ரி என்பவர், பார்வையற்ற கரோலினா ஃபந்தோனி என்னும் சீமாட்டிக்காக ஓர் எழுத்துப் பொறி செய்து கொடுத்தார். அதற்கு மை தந்ததும் கறுப்புத் தாளே. தம் மனத்திலுள்ளதைப் பிறரிடம் சொல்லி எழுதச் செய்யாமல், தாமே எழுத முடிந்தபோது அந்த அம்மையார் எவ்வளவு மகிழ்ந்திருப்பார்!

1870களில் தட்டச்சுப் பொறி விற்பனைக்கு வந்த பின்னரே கார்பன் தாள் அலுவலகங்களில் பரவியது. மெல்லிய தாளின் ஒரு புறத்தில் மெழுகும் எண்ணெயும் கரித்தூளும் கலந்து பூசியிருப்பார்கள். பூசிய பக்கம் கீழ்நோக்கி இருக்குமாறு இரு வெள்ளைத் தாள்களுக்கு நடுவே வைக்க வேண்டும். எழுத்து அழுந்தும் இடத்தில் மட்டும் பூச்சு பிரிந்து அடித்தாளில் ஒட்டிக்கொள்ளும். தாள்களைக் கூட்டக் கூட்ட அழுத்தம் குறைந்து கடைசிப் படி மங்கிவிடும். பிழை நேர்ந்தாலோ, ஒவ்வொரு படியிலும் தனித்தனியே அழித்துத் திருத்த வேண்டும். ஒரு முறையே பயன்படுத்திய கார்பன் தாளை வெளிச்சத்தில் பிடித்தால் எழுதியதைப் படித்துவிடலாம். ஆகவே இரகசியம் எழுதுவோர் அதையும் கிழித்துவிட வேண்டும்!

ஒளிநகல் பொறியும் கணிப்பொறியும் வந்தபின் இதன் தேவை குறைந்தது. ஆயினும் சில கடைகளின் ரசீதுப் புத்தகங்களில் இன்றும் இதைக் காணலாம். மின்னஞ்சலில் உள்ள 'சி.சி.' என்பதும் 'கார்பன் காப்பி' என்பதன் சுருக்கமே.

ஒரு சிலரின் துன்பம் கண்டு இரங்கியதால் பிறந்த பொருள், பின்னர் உலகம் முழுவதற்கும் உதவியது. நம் பக்கத்து இருக்கையில் இருப்பவளுடைய இடரையும் சற்றுக் கவனிப்போம், தோழியரே! அவளுக்காக நாம் தேடும் வழி நாளை பலருக்கும் பயன்படலாம் அல்லவா?