சித்திரக் கதவுக்கு வர்ணம் பூசுமுன்

வீட்டிலே ஒரு மங்கல காரியம் நிச்சயமாகிவிட்டால், அடுத்த பேச்சு வர்ணம் பூசுவதைப் பற்றியதாகவே இருக்கும். சுவருக்கு எந்த நிறம், யன்னலுக்கு எந்த நிறம் என்று பெரியோரும் சிறியோரும் கூடியிருந்து விவாதிப்பர். கடையிலிருந்து தூரிகைகள் வரும். வர்ணப் பேணிகள் வந்து விறாந்தையிலே வரிசையாக அமரும். ஆனால், பூசிய வர்ணம் நின்று நிலைப்பதும் சில மாதங்களிலே செதில் செதிலாக உரிந்து விழுவதும், பேணியைத் திறக்குமுன் நாம் செய்யும் வேலையையே பெரிதும் பொறுத்தவை என்பதை எண்ணிப் பார்ப்போர் சிலரே. அந்த வேலை அரத்தாள் கொண்டு தேய்த்தல். சாண்ட்பேப்பர் என்று கடையிலே கேட்டு வாங்குவதும் இதனையே.

சமமான பலகையைத் தேய்ப்பது எவருக்கும் கைவரக்கூடியது. நிலையின் விளிம்பிலே ஓடும் மணிவரிசை, கதவின் நடுவே விரியும் தாமரை, தலைவாசலின் மேலே படரும் கொடி ஆகிய சித்திர வேலைகளைத் தேய்ப்பதுதான் பொறுமையையும் அறிவையும் வேண்டி நிற்பது. அதனை அறியாது நாம் செய்த பிழை ஒன்றை முதலிற் சொல்லிவிடுகின்றோம்.

அம்மம்மா வீட்டுக் கதவு

யாழ்ப்பாணத்திலே எமது அம்மம்மாவின் வீடு பழைய நாற்சார் வீடு. அதன் தலைவாசலிலே இரட்டைக் கதவு. ஒவ்வொரு கதவிலும் மும்மூன்று தாமரைகள்; நிலையைச் சுற்றி ஓர் இலைக்கொடி. 1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாத இறுதியிலே ஊரே இடம்பெயர்ந்தபோது, வீட்டைப் பூட்டித் திறப்பை முந்தானையிலே முடிந்துகொண்டு அம்மம்மாவும் புறப்பட்டார். மீண்டு வந்தபோது கூரையிலே ஓடுகள் பல இல்லை; உள்யன்னல்கள் இல்லை. தலைவாசற் கதவு மட்டும் நின்றது. அயலிலே எத்தனையோ வீடுகள் கதவும் நிலையும் இழந்து வெறுஞ் சுவர்களாய் நின்ற அக்காலத்திலே, அது பெரும் பேறாகவே எமக்குத் தோன்றிற்று.

சில ஆண்டுகளுக்கு முன் அவ்வீட்டிலே ஒரு திருமணம் வந்தது. கதவிலே ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசிய பச்சை வர்ணம் தடித்து, தாமரை இதழ்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. நாளோ குறைவு. மின்சாரத்தால் இயங்கும் தேய்ப்புப் பொறி ஒன்றை இரவல் வாங்கி, கரடான தாளைப் பொருத்தி, இரண்டு மணி நேரத்திலே இடப்பக்கக் கதவைத் தேய்த்து முடித்தோம். வர்ணம் போயிற்று, மரம் பளிச்சிட்டது. எமது வேகத்தை நாமே மெச்சிக்கொண்டோம்.

மாலையிலே அம்மம்மா கதவருகே வந்து நின்றார். கண்பார்வை குறைந்தவராதலின் விரல்களால் தடவிப் பார்த்தார். நடுத் தாமரையிலே விரல் நின்றுவிட்டது. “இதழ் எங்கே பிள்ளை?” என்று கேட்டார். இதழின் கூரிய முனை, இதழுக்கும் இதழுக்கும் இடையிலிருந்த பள்ளம், நடுப் பொகுட்டின் புள்ளிகள் யாவும் மழுங்கி, தாமரை இருந்த இடத்திலே வட்டமான ஒரு மேடு மட்டுமே எஞ்சியிருந்தது. போர்க்காலத்திலே கெடாது நின்றதை நாம் ஒரு பிற்பகலிலே கெடுத்துவிட்டோம்.

மறுநாள் முதிய ஓடாவியார் ஒருவரை அழைத்து வந்தோம். அவர் கதவை நெடுநேரம் பார்த்தார், எம்மைக் கடிந்துகொள்ளவில்லை. “தம்பி, மரத்திலே எடுக்க வேண்டியதைச் செதுக்கினவரே எடுத்துவிட்டார். பிறகு வந்தவர்கள் பூசினதை மட்டுந்தான் நீங்கள் எடுக்கலாம்” என்றார். வலப்பக்கக் கதவை அவர் சொன்னபடி செய்தோம். அந்நாளிலே கற்றவற்றோடு, பின்னர் படித்தும் கேட்டும் அறிந்தவற்றையும் சேர்த்து இங்கே தருகின்றோம்.

தேய்ப்பது எதற்கு?

பழைய வர்ணம் முழுவதையும் உரித்து மரத்தைக் காண்பதே தேய்த்தலின் நோக்கம் எனப் பலர் எண்ணுகின்றனர். அது தவறு. பழைய பூச்சு உறுதியாகப் பற்றியிருப்பின் அதனை அகற்ற வேண்டியதே இல்லை. வழுவழுப்பான எனமல் பூச்சின்மேல் புதிய வர்ணம் பிடிப்பதற்கு இடமின்றி வழுகும். அரத்தாள் அதன்மேல் கண்ணுக்குப் புலப்படாத நுண்ணிய கீறல்களை உண்டாக்குகின்றது. அக்கீறல்களிலே புதிய வர்ணம் பற்றிக்கொள்கின்றது. மினுக்கம் மங்கினாற் போதும். உரிந்து நிற்கும் இடங்களிலே மட்டும் தளர்ந்த பூச்சை நீக்கி, அதன் விளிம்பை மேடு தெரியாதவாறு தேய்த்தல் வேண்டும்.

தேய்க்குமுன் கழுவுதல் அவசியம். கதவிலே கைப்பிசுக்கும் எண்ணெயும் விளக்குப் புகையும் படிந்திருக்கும். கழுவாது தேய்த்தால் அந்த எண்ணெய் கீறல்களுக்குள்ளேயே அழுந்திப்போகும். சவர்க்காரமோ சலவைச் சோடாவோ கரைத்த இளஞ்சூட்டு நீரிலே தோய்த்த துணியால் துடைத்து, பின் நன்னீராலும் துடைத்து, முற்றாக உலர விடுக. பள்ளங்களிலே அடைந்த அழுக்குக்குப் பழைய பற்தூரிகையும், நுனி சீவிய மூங்கிற் குச்சியும் போதும். இரும்பு ஆணியால் கிளறுதல் ஆகாது.

இலக்கத்தை அறிந்து வாங்குக

அரத்தாளின் பின்புறத்திலே ஓர் இலக்கம் அச்சிடப்பட்டிருக்கும். மணிகளைச் சலிக்கும் அரிதட்டிலே ஓரங்குல நீளத்திலுள்ள கண்களின் எண்ணிக்கையிலிருந்து எழுந்த வழக்கம் அது. ஆதலின் இலக்கம் கூடக்கூடத் தாள் மென்மையாகும். 60, 80 ஆகியவை கரடு. தரைப்பலகைக்கு உதவும், தாமரைக்கு உதவா. சித்திர வேலைக்கு 120 இலே தொடங்கி, 180 இலே தொடர்ந்து, 220 இலே முடித்தல் நன்று. ஒரு பூச்சுக்கும் அடுத்த பூச்சுக்கும் இடையே மெல்லத் தடவுவதற்கு 240 அல்லது 320 தகும். இலக்கத்தைப் படிப்படியாக ஏற்ற வேண்டும். இடையிலே தாவினால் முன்னைய தாள் விட்ட கீறல் வர்ணத்தினூடே தெரியும்.

மாணவர் அறிய ஒரு சிறு செய்தி. அமெரிக்காவிலே வேர்மொன்ட் மாநிலத்தவரான ஐசக் பிஷர் என்பார் 1834 இலே அரத்தாள் செய்வதற்குக் காப்புரிமை பெற்றார். எனினும், தேய்த்து மெருகிடும் கலை அதனினும் மிகத் தொன்மையானது. சுறாமீனின் தோலைக் கொண்டு பல நாட்டவர் மரத்தைத் தேய்த்தனர். எமது நாட்டின் வறண்ட பகுதிகளிலும் தமிழகத்திலும் வளரும் பராய் மரத்தின் சொரசொரப்பான இலையும் மரத்தையும் தந்தத்தையும் மெருகிடப் பயன்பட்டதே. திருப்பராய்த்துறை என்னும் தலத்தின் தலவிருட்சமும் இம்மரமே.

வளைவுக்கு ஏற்ற கருவி

பொறி எல்லாவற்றையும் ஒரே மட்டமாக்க முயல்வது. சித்திரமோ மேட்டாலும் பள்ளத்தாலும் ஆனது. ஆகவே சித்திரத்துக்குக் கையே கருவி. தாளை மூன்றாக மடித்துப் பிடித்தால், மணிபூசிய முகங்கள் ஒன்றையொன்று தேய்க்கா. தாளும் விறைப்பாக நிற்கும். மடிப்பின் கூரான விளிம்பு குறுகிய கீற்றுகளுக்குள் நுழையும். குழிந்த வளைவுக்குப் பென்சிலிலோ உருண்ட தடியிலோ தாளைச் சுற்றிக்கொள்க. குவிந்த விளிம்புக்கு, நீர்க்குழாய் றப்பரிலே ஒரு துண்டை நெடுக்காகப் பிளந்து, அதன் உட்புறத்திலே தாளை வைத்துப் பிடித்தால் வளைவோடு வளைவாகச் செல்லும். கடைந்த தூணுக்கும் கட்டிற் காலுக்கும் தாளை நாடா போலக் கிழித்து, சப்பாத்துக்கு மினுக்கம் இடுவது போல இரு கைகளாலும் மாறி மாறி இழுக்கலாம்.

மரத்தின் நரம்பு ஓடும் திசையிலேயே தேய்க்க வேண்டும். குறுக்கே தேய்த்தாற் கீறல் விழும். எல்லாவற்றிலும் முக்கியம், கூரிய விளிம்புகளிலே அழுத்தாமை. மேட்டின் முனையிலேதான் விரலின் முழு அழுத்தமும் விழுகின்றது. அங்கேதான் மரம் முதலிலே தேய்கின்றது. எமது தாமரை அழிந்தது இவ்வாறே.

வர்ணம் தடித்து உருவமே மறைந்திருப்பின், தேய்த்து மீட்க முயலற்க. வர்ணத்தை இளக்கும் திரவத்தைப் பூசி, இளகியதை மரக்குச்சியாலும் தூரிகையாலும் வழித்தெடுப்பதே முறை. கையுறை அணிந்து, திறந்த வெளியிலே செய்தல் வேண்டும். டைகுளோரோமீதேன் கலந்த திரவங்களை வாங்காதிருத்தல் நலம். அடைத்த அறையிலே அவற்றின் ஆவி உயிரையே போக்கும். வீட்டுப் பாவனைக்கு அவற்றை விற்பதை 2019 இலே அமெரிக்கா தடைசெய்தது.

துகளிலே இருக்கும் நஞ்சு

இனிச் சொல்லப்போவதைத் தாய்மார் சிறப்பாகக் கவனித்தல் வேண்டும். அன்று எமது பொறி எழுப்பிய பச்சைத் தூள் விறாந்தை எங்கும் படிந்திருந்தது. வீட்டுச் சிறுவர் இருவர் அதிலே விரலாற் கோலமிட்டு விளையாடினர். அவ்விரலோடு பலகாரமும் உண்டனர். அதன் பொருள் யாதென்பது அப்பொழுது எமக்குத் தெரியாது.

விரைந்து உலர்வதற்கும், நிறம் மங்காதிருப்பதற்கும் முற்காலத்து வர்ணங்களிலே ஈயச் சேர்மங்களைக் கலந்தனர். அத்தகைய பூச்சை உலர்ந்தபடி தேய்த்தால், ஈயம் கண்ணுக்குத் தெரியாத துகளாகக் காற்றிலே கலந்து மூச்சிலும் உணவிலும் சேர்கின்றது. உட்கொண்ட ஈயத்தைச் சிறுவரின் உடல் வளர்ந்தோரின் உடலைப்போல் நான்கைந்து மடங்கு கூடுதலாக உறிஞ்சுகின்றது. அது வளரும் மூளையைத் தாக்கி, கற்கும் ஆற்றலையும் கவனத்தையும் குறைக்கின்றது. தீங்கற்ற அளவென ஈயத்துக்கு அறியப்பட்ட அளவு ஏதும் இல்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கூற்று. வீட்டு வர்ணத்திலே ஈயத்தை அமெரிக்கா 1978 இலே தடுத்தது. இலங்கையிலே வர்ணங்களிலுள்ள ஈயத்துக்கு உச்ச எல்லை விதிக்கும் ஆணை 2011 இலே பிறந்து, 2013 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆகவே அதற்கு முந்திய பூச்சு எதனையும் ஐயத்தோடு நோக்குதலே அறிவுடைமை.

ஐயமுள்ள பூச்சைப் பொறியால் தேய்த்தலும், ஊதுவிளக்கின் சுவாலையால் எரித்தலும் கூடவே கூடா. நீரில் நனைத்துத் தேய்ப்பதற்கென விற்கும் கறுப்புத் தாளை வாங்கி, வர்ணத்தை ஈரமாக்கியே தேய்க்க வேண்டும். ஈரத்திலே தூள் பறவாது, சேறாக வழியும். அதனைத் துணியால் ஒற்றி எடுத்துப் பையிலே கட்டி அகற்றுக. கீழே பொலித்தீன் விரித்திடுக. குழந்தைகளும் கருவுற்ற பெண்களும் வேலை முடிந்து இடம் துப்புரவாகும் வரை அப்பக்கம் வரலாகாது. உலர்ந்த விளக்குமாறு தூளை மீண்டும் எழுப்புமாதலின் ஈரத்துணியாலேயே துடைக்க. சாதாரணத் துணியை மூக்கிலே கட்டுவதனாற் பயனில்லை. கொரோனாக் காலத்திலே யாவரும் அறிந்த என்-95 முகக்கவசமோ, அதனினும் மேலானதோ வேண்டும். வேலை செய்தவர் கைமுகம் கழுவிய பின்னரே உண்ண வேண்டும். உடுத்த உடையைப் புறம்பாகத் துவைக்க வேண்டும். தூளிலே விளையாடிய பிள்ளை இருப்பின் வைத்தியரிடம் சொல்லி, இரத்தத்திலே ஈயத்தின் அளவைச் சோதிப்பித்தல் நலம். நாமும் அவ்வாறே செய்தோம். நல்லவேளையாக அச்சத்துக்கு இடமில்லை என்றறிந்து ஆறுதலடைந்தோம்.

காலமும் முடிவும்

வடபகுதியிலே ஐப்பசி முதல் மார்கழி வரை மழைக்காலம். அப்பொழுது மரம் ஈரங்குடித்து வீங்கியிருக்கும். தேய்த்த தூள் தாளிலே அப்பிக்கொள்ளும். சோளகக் காற்று வீசும் மாதங்களிலே புழுதி பறந்து ஈர வர்ணத்திலே ஒட்டும். மாசியும் பங்குனியும் இவ்வேலைக்கு வாய்ப்பானவை. பொங்கலுக்கென்று மார்கழி மழையிலே அவசரப்பட்டுப் பூசுவோர் இதனை எண்ணிப் பார்க்கட்டும்.

தேய்த்து முடித்ததும் தூசியை மென்தூரிகையால் நீக்கி, ஈரம் பிழிந்த துணியால் ஒற்றுக. பின்னர் மின்சூள் ஒன்றைக் கதவின் பக்கவாட்டிலே சாய்த்துப் பிடித்தால், எஞ்சிய கீறலும் மேடும் நிழலிட்டுத் தம்மைக் காட்டும். மரம் வெளிப்பட்ட இடங்களுக்கு முதற்பூச்சு இட்டு, அதன்மேல் வர்ணத்தை மெல்லியதாக இரு தடவை பூசுக. ஒரே தடவையிலே தடிப்பாகப் பூசுவதே சித்திரத்தின் பள்ளங்களைத் தூர்த்துவிடுகின்றது.

வலப்பக்கக் கதவை முடிக்க எமக்கு ஆறு நாட்கள் சென்றன. திருமணத்துக்கு முதல்நாள் அம்மம்மாவை அழைத்துச் சென்று அவர் விரல்களைத் தாமரையிலே வைத்தோம். பச்சை வர்ணத்தின் கீழ் மறைந்திருந்த நரம்புக் கோடுகள் ஒவ்வோர் இதழிலும் வெளிப்பட்டிருந்தன. இப்படியொரு கோடு இருந்ததென்பது எங்களுள் எவருக்கும் தெரியாது. அம்மம்மா மட்டும், “சின்னனிலே நான் எண்ணிப் பழகினது இந்த இதழைத்தான்” என்று சொல்லி, ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கினார்.

இன்று அவர் இல்லை. கதவு இருக்கின்றது. வீட்டுக்கு வருவோர் ஒரு பக்கம் தாமரையாகவும் மறுபக்கம் மொட்டையாகவும் இருப்பதன் காரணத்தை வினவுவர். புதிதாகச் செதுக்குவித்து அதனை மறைக்க நாம் விரும்பவில்லை. அவசரம் செய்த வேலையும் பொறுமை செய்த வேலையும் அருகருகே நிற்கட்டும். பிள்ளைகள் இரண்டையும் தொட்டுப் பார்க்கட்டும்.