மூடிகெரெக் காப்பித் தோட்டக்காரரும் அவர் இயற்றிய நூல்களும்

கர்நாடகத்து மலைநாட்டில், சிக்கமகளூர் ஜில்லாவைச் சேர்ந்த மூடிகெரெ தாலுகாவில் ஹேமாவதி ஆறு உற்பத்தியாகின்றது. அது கிருஷ்ணராஜசாகரத்தில் காவிரியோடு கலத்தலால், அம்மலைக் காடுகளிற் பெய்யும் மழையில் ஒரு பங்கு மேட்டூர் வழியே தஞ்சைக் கழனிகளுக்கும் வந்து சேர்கின்றது. அத்தாலுகாவில் ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் காப்பி பயிரிட்டுக்கொண்டே கன்னட நூல்கள் பல இயற்றியவர் கே. பி. பூர்ணசந்திர தேஜஸ்வி என்பவர். அவர் வரலாறு நிலமுடையார் யாவரும் அறியத்தக்கது.

தேஜஸ்வி 1938ஆம் ஆண்டு செப்டம்பர் 8ஆம் தேதி பிறந்தார். தந்தையார் குவெம்பு, கன்னடத்துக்கு முதன்முதல் ஞானபீடப் பரிசைப் பெற்றுத் தந்த கவி. மைசூர் சர்வகலாசாலையின் துணைவேந்தராகவும் விளங்கியவர். மகனும் அங்கேயே கன்னடத்தில் எம்.ஏ. பட்டம் பெற்றார். கல்லூரி உத்தியோகத்தில் அமர்வதற்கு வேண்டிய தகுதியெல்லாம் இருந்தும் அதனை நாடாமல், 1960களில் மூடிகெரெக்குச் சென்று நிலத்தில் இறங்கினார். பின்னாளில் அவர் வாழ்ந்த தோட்டத்துக்கு 'நிருத்தரம்' என்று பெயர். விடையில்லாதது என்பது பொருள். விளைச்சலையும் விலையையும் நம்பி வாழ்வோருக்கு இப்பெயரின் பொருத்தத்தை விளக்க வேண்டியதில்லை.

காப்பி நிழலில் வளரும் பயிர். மர நிழலின்றிச் செடி வெயிலிற் காயுமாயின், தண்டு துளைக்கும் வண்டு பட்டையின் வெடிப்புகளில் முட்டையிடும்; புழு உட்புகுந்து செடியையே மாய்த்துவிடும். பலவகை மரங்களை நிழலுக்கு விட்டு வைத்தால் உதிரும் சருகு உரமாவதோடு, பூச்சிகளைத் தின்னும் பறவைகளுக்கும் இடமாகின்றது. ஆகவே காப்பித் தோட்டக்காரன் காட்டை முற்றிலும் பகைத்துக்கொண்டு பிழைக்க முடியாது. தேஜஸ்வியோ அதனைப் பகையாது விட்டதோடு நில்லாமல், நாள்தோறும் உற்று நோக்கவும் தொடங்கினார். தம் கையாலேயே பறவைகளைப் படம் பிடித்தார். கன்னட நாட்டுப் பறவைகளைப் பற்றித் தனி நூலும் எழுதினார். மீன் பிடிப்பதிலும் அவருக்குப் பெரும் பிரியம் உண்டு. 2007ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் தேதி அத்தோட்டத்து வீட்டிலேயே காலமானார்.

அவர் நூல்களுள் விவசாயிகளுக்கு மிக நெருங்கியது 1980இல் வெளிவந்த 'கர்வாலோ' என்னும் நாவலாகும். கர்வாலோ ஒரு விஞ்ஞானி. மந்தண்ணன் என்பவன் தேனெடுத்தும் காட்டில் அலைந்தும் திரியும் கிராமத்து இளைஞன். ஊரார் அவனை உதவாக்கரை என்று ஒதுக்குகின்றனர். சாராய வழக்கு ஒன்றிலும் அவன் அகப்படுகின்றான். ஆயினும், பறக்கும் ஓணானைக் காட்டிற் கண்டு சொன்னவன் அவனே. கற்றறிந்த விஞ்ஞானி அவன் சொல்லை மதித்து, அவனையே துணையாகக் கொண்டு காட்டுக்குட் செல்கின்றார். பறக்கும் ஓணான் கற்பனைப் பிராணியன்று, மேற்குத் தொடர்ச்சி மலையிலும் அதனைச் சார்ந்த கமுகந்தோப்புகளிலும் வாழ்வது, எறும்புகளைத் தின்பது, விலா எலும்புகள் தாங்கும் தோலை விரித்து மரத்துக்கு மரம் மிதந்து செல்வது. நம் கிராமங்களிலும் மந்தண்ணனைப் போன்றவர் ஒருவரேனும் இருப்பர். பூச்சி விழுந்த செய்தியை முதலில் அறிபவர் அவரே. கணக்குப் புத்தகத்தில் மட்டும் அவர் பெயர் இராது.

'சிதம்பர ரகசியம்' என்னும் நாவலில் ஏல விளைச்சல் குன்றியதும், அதனை ஒட்டிய துப்பறியும் விசாரணையும், ஊர்க்கட்சிகளின் சச்சரவும் பின்னிக் கிடக்கின்றன. 1987இல் அதற்குச் சாகித்திய அகாதெமிப் பரிசு கிடைத்தது. கிராம அதிகாரிகள் படித்தால் சிரிப்பும் சிறிது சங்கடமும் ஒருங்கே உண்டாகும்.

ஜப்பானிய விவசாயி மசானோபு புகுவோகாவின் முறையைக் கன்னடத்தில் விளக்கும் 'சகஜ கிருஷி' என்னும் நூலும் தேஜஸ்வி இயற்றியதே. உழாமை, இரசாயன உரமிடாமை, களையைக் கிளறியோ மருந்திட்டோ ஒழிக்காமை, பூச்சி மருந்து தெளியாமை என்பன அம்முறையின் நான்கு கொள்கைகள். அவை ஜப்பானிய மண்ணிலும் மழையிலும் பல ஆண்டு பழகிக் கண்டவை. நம்மவர் அவற்றை முழு நிலத்திலும் ஒரே பருவத்தில் மேற்கொள்வது நன்றன்று. விரும்புவோர் பத்துச் சென்டு நிலத்தை ஒதுக்கி, பக்கத்திலேயே வழக்கமான முறையிலும் பத்துச் சென்டு பயிரிட்டு, இரண்டின் செலவையும் மகசூலையும் மூன்று பருவங்களுக்குத் தனித்தனியே குறித்து வரலாம்.