கஃப்பாராவும் கோழியும்

யூதர்களுடைய ஆண்டில் மிகக் கண்ணியமான நாள் 'யோம் கிப்பூர்' ஆகும். திஷ்ரி மாதத்தின் 10ஆம் நாளான அன்று சுமார் 25 மணி நேரம் உண்ணாமலும் பருகாமலும் நோன்பிருந்து, இறைவனிடம் பாவமன்னிப்புக் கோரி வணக்கத்தில் ஈடுபடுவர். கிப்பூர் என்ற சொல்லைக் கேட்டதும் நம் இல்லங்களில் வழங்கும் 'கஃப்பாரா' என்ற சொல் எவருக்கேனும் நினைவில் எழுந்தால் அது தற்செயலன்று. அரபியும் ஹீப்ருவும் உடன்பிறந்த மொழிகள்; இரு சொற்களுக்கும் வேர் ஒன்றே.

அந்நாளை ஒட்டி யூதர்களில் ஒரு சாரார் நிறைவேற்றும் சடங்கின் பெயரும் அதே வேரிலிருந்து பிறந்ததுதான்: 'கப்பரோத்'. ஆணுக்கு ஒரு சேவல், பெண்ணுக்கு ஒரு பெட்டைக்கோழி. அதைத் தலைக்கு மேல் மூன்று முறை சுற்றி, தமக்கு நேரவிருக்கும் தீங்கு அப்பறவையோடு நீங்கட்டும், தமக்கு நல்வாழ்வு அமையட்டும் என்ற கருத்துடைய வாசகங்களை ஓதுவர். பின்னர் அது முறைப்படி அறுக்கப்பட்டு, இறைச்சியோ அதன் மதிப்போ ஏழைகளுக்கு வழங்கப்படும். ஜெரூசலத்திலும் நியூயார்க் நகரின் ப்ரூக்ளின் பகுதியிலும் இன்றும் இதைக் காணலாம். யூதர்கள் அனைவரும் இதைச் செய்வதில்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

ஒரு குடும்பத்தார் தம் முற்றத்தில் வளர்ந்த சேவலைப் பிடித்து இவ்வாறு செய்த காலம் வேறு. இன்று பண்ணைகளிலிருந்து ஆயிரக்கணக்கான கோழிகள் பிளாஸ்டிக் கூண்டுகளில் அடைத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, லாரிகளில் கொண்டுவரப்படுகின்றன. மேற்கூண்டின் எச்சம் கீழ்க்கூண்டின் மீது விழுகிறது. தீனியும் நீருமின்றி வெயிலிலும் மழையிலும் தெருவோரத்தில் கிடந்து, கத்தியைக் காணும் முன்பே மடிபவையும் உண்டு. சுற்றும்போது இரு சிறகுகளையும் முதுகுப்புறமாக இழுத்துப் பிடிப்பதால் மூட்டுகளில் வலி உண்டாகிறது. ப்ரூக்ளின்வாசிகள் சிலர் 2015இல் வழக்குத் தொடுத்தனர். மாநகரக் காவல் துறையும் சுகாதாரத் துறையும் சட்டத்தைச் செயல்படுத்தத் தவறுகின்றன என்பது அவர்களின் முறையீடு. எந்தச் சட்டத்தை எப்போது செயல்படுத்துவது என்பது அதிகாரிகளின் விருப்புரிமை. நீதிமன்றம் அவர்களை வற்புறுத்த இயலாது என்று 2018 நவம்பரில் அம்மாநில உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறி முடித்தது.

இதைப் படித்துவிட்டு, யூத மார்க்கம் பிராணிகளின் வேதனையைப் பொருட்படுத்தாத மார்க்கம் என்று எவரும் முடிவு கட்டிவிடலாகாது. உண்மை அதற்கு நேர்மாறானது. ஓய்வு நாளில் மாட்டுக்கும் கழுதைக்கும் ஓய்வு தர வேண்டும்; போரடிக்கும் மாட்டின் வாயைக் கட்டக் கூடாது; தாயையும் அதன் குட்டியையும் ஒரே நாளில் அறுக்கக் கூடாது என்றெல்லாம் அவர்களின் வேதச் சட்டம் விதிக்கிறது. வளர்ப்புப் பிராணிக்குத் தீனி வைத்த பிறகே உரிமையாளன் உண்ண வேண்டும் என்பது தல்மூத் தரும் விதி. கெய்ரோவில் ஐயூபி அரசவையின் மருத்துவராக விளங்கிய யூதப் பேரறிஞர் மூஸா இப்னு மைமூன், தாய்-குட்டி பற்றிய விதிக்குக் காரணம் கூறும்போது, குட்டியின்பால் தாய்ப் பிராணி கொள்ளும் பரிவு மனிதத் தாயின் பரிவுக்கு வேறானதன்று என்று எழுதினார்.

தல்மூதிலுள்ள ஒரு சம்பவம் இன்னும் ஆழமானது. அறுப்புக்குக் கொண்டு செல்லப்பட்ட கன்று ஒன்று ஓடிவந்து, மார்க்கத் தலைவரான யெஹூதா ஹநாஸியின் மேலங்கிக்குள் தலையைப் புதைத்து அழுததாம். போ, இதற்காகத்தானே நீ படைக்கப்பட்டாய் என்ற கருத்தில் அவர் அதைத் திருப்பி அனுப்பிவிட்டார். அதன் பிறகு 13 ஆண்டுகள் அவரை நோய் வாட்டியது. ஒரு நாள் பணிப்பெண் வீட்டிலிருந்த மரநாய்க் குட்டிகளைப் பெருக்கித் தள்ள முற்பட்டபோது, அவற்றை விட்டுவிடுமாறு அவர் தடுத்தார். நோயும் அகன்றது. கன்றை அறுத்தது குற்றமென அங்கே சொல்லப்படவில்லை. அடைக்கலம் தேடி வந்ததிடம் கருணையின்றிப் பேசியதே குற்றமாயிற்று.

இவ்வளவு விதிகளுடைய சமுதாயத்தில் கப்பரோத் எங்கிருந்து வந்தது? வேதத்திலும் இல்லை, தல்மூதிலும் இல்லை. 9ஆம் நூற்றாண்டளவில் பாபிலோனிய, அதாவது இன்றைய இராக்கின், கல்விக்கூடத் தலைவர்கள் எழுதிய விடைகளில்தான் அது தலைகாட்டுகிறது. 13ஆம் நூற்றாண்டில் பார்சலோனாவின் ஷெலோமோ இப்னு அத்ரத் தம் ஊரில் அதை நிறுத்தினார். ஸஃபத் நகரில் வாழ்ந்து, யூதச் சட்டத் தொகுப்பான 'ஷுல்ஹான் அரூஹ்' நூலை இயற்றிய யோஸெஃப் கரோவும் இவ்வழக்கத்தைத் தடுக்க வேண்டும் என்றே எழுதினார். ஆனால் போலந்தின் மோஷே இஸ்ஸெர்லெஸ், முன்னோர் வழக்கத்தை மாற்றலாகாது எனக் கூறி அதே நூலுக்கான தம் குறிப்பில் ஆதரித்துவிட்டார். அதுவே ஐரோப்பிய யூதர்களிடம் வேரூன்றியது. (முன்னோர் வழக்கம் என்ற வாதத்தின் வலிமையை நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை!)

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதி முடிக்கப்பட்ட 'மிஷ்னா பெரூரா' நூல் நடைமுறைச் சிக்கல் ஒன்றைச் சுட்டுகிறது. அந்நாட்களில் கூட்டம் நெருக்கியடிப்பதால் அறுப்பவர் களைத்துப்போய்க் கத்தியைச் சரியாகச் சோதிக்காமல் விடுகிறார். அறுப்பே செல்லாமல் போகக்கூடும். ஆகவே கோழிக்குப் பதிலாகப் பணத்தைச் சுற்றி ஏழைக்குக் கொடுப்பது நல்லது என்கிறது. பணத்தைத் துணியில் முடிந்து சுற்றும் இம்முறையை இன்று ஏராளமான யூதக் குடும்பங்கள் கைக்கொள்கின்றன.

கத்தியைச் சோதிக்கும் அந்த விதிதான் நம்மையும் இவ்விவாதத்தில் நிறுத்துகிறது. யூத அறுப்பான 'ஷெஹிதா'வில் கத்தியின் விளிம்பை நகத்தால் தடவிப் பார்ப்பர். நூலளவு பிசிறு இருந்தாலும் அக்கத்தியால் அறுக்கலாகாது. இடையில் நிறுத்தவோ, அழுத்தி வெட்டவோ கூடாது. கத்தியை நன்கு தீட்டி, பிராணிக்கு நிம்மதி அளிக்குமாறு நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்ட ஸஹீஹ் முஸ்லிம் ஹதீஸை அறிந்தவர்களுக்கு இது அந்நியமாகத் தோன்றாது. ஆயினும் அங்கும் துன்பம் கத்திக்கு முன்பே தொடங்குகிறது. உயிருள்ள மாட்டின் காலில் சங்கிலியிட்டுத் தலைகீழாகத் தூக்கும் முறை அமெரிக்க அறுப்புக்கூடங்களில் நெடுங்காலம் நிலவியது. மார்க்கம் கேட்ட முறையன்று அது. இரத்தம் தேங்கிய தரையில் பிராணி விழலாகாது என்ற சுகாதார ஏற்பாட்டால் வந்தது. நின்ற நிலையிலேயே தாங்கிப் பிடிக்கும் சாதனம் உண்டான பின் அதற்குச் சாக்கே இல்லை. கன்சர்வேடிவ் பிரிவு ரப்பிகளின் சட்டக் குழு 2000இல் அம்முறையைத் தடுத்துத் தீர்ப்பளித்தது.

கப்பரோத்தையும் ஷெஹிதாவையும் ஒரே தடியால் அடிப்போரும் ஒரே கேடயத்தால் காப்போரும் தவறிழைக்கின்றனர். முன்னது வழக்கம், பணத்தால் ஈடுசெய்தால் எவருடைய மார்க்கமும் குறைவதில்லை. பின்னது கடமை, அதைத் தடுத்தால் ஒரு யூதரின் உணவே தடுக்கப்படுகிறது. பெல்ஜியத்தின் ஃப்ளாண்டர்ஸ், வலோனியா பகுதிகளில் மயக்கமூட்டாமல் அறுப்பது 2019 முதல் தடை செய்யப்பட்டபோது யூதர்களும் முஸ்லிம்களும் நீதிமன்றம் சென்றனர். இத்தகைய தடை ஐரோப்பிய ஒன்றியச் சட்டத்துக்கு முரணன்று என்று ஒன்றியத்தின் நீதிமன்றம் 2020 டிசம்பரிலும், மதச் சுதந்திரம் மீறப்படவில்லை என்று ஸ்ட்ராஸ்பர்கிலுள்ள மனித உரிமை நீதிமன்றம் 2024 பிப்ரவரியிலும் தீர்ப்பளித்தன. அதே நாட்டின் ப்ரஸ்ஸல்ஸ் பகுதி நாடாளுமன்றமோ, அத்தகைய தடை வேண்டுமென்ற முன்மொழிவை 2022 ஜூனில் வாக்கெடுப்பில் நிராகரித்தது.