உங்களுக்குத் தெரியுமா? மஞ்சள் மங்கும் வேகம்

கொச்சி மட்டாஞ்சேரியின் மசாலாக் கடைகளில் கிடைக்கும் ஆலப்புழை மஞ்சளுக்குப் பெயர் வாங்கித் தந்தது, அதில் மிகுந்திருக்கும் குர்குமின் நிறமி. கரைசலில் அது சிதைவது முதல் வகை வினை. மிச்சமிருக்கும் குர்குமினின் செறிவுக்கு நேர்விகிதத்தில் சிதைவின் வேகமும் இருக்கும். அதனால்தான் 100 பங்கு 50 ஆகக் குறைய எடுக்கும் அதே நேரம், 50 பங்கு 25 ஆகவும் எடுக்கிறது. இதுவே அரைவாழ் காலம். பூஜ்ய வகை வினையிலோ செறிவு குறைந்தாலும் வேகம் மாறாது.

வியப்பு என்னவென்றால், சூழல் மாறினால் இந்தக் காலம் தலைகீழாக மாறிவிடும். 37 டிகிரி செல்சியஸில், பிஎச் 7.2 உள்ள பாஸ்பேட் தாங்கல் கரைசலில் அரை மணி நேரத்துக்குள் சுமார் 90 சதவீதம் சிதைந்துவிடுகிறது. அதாவது அரைவாழ் காலம் ஏறத்தாழ 9 நிமிடமே. அமிலக் கரைசலில் குர்குமின் இதைவிட வெகுநேரம் தாங்கும். வெளிச்சமும் அதைச் சிதைக்கும்.