பென்ஷன் கணக்கு பெண்களுக்கும் தெரியட்டும்!

"பென்ஷன் காரியமெல்லாம் அவுக பாத்துக்கிடுவாக" என்று நிம்மதியாக இருக்கும் சகோதரிகளே, ஒரு நிமிஷம்! பெரும்பாலான வீடுகளில் கணவரைவிட மனைவி வயதில் சிறியவள். அவருக்குப் பிறகு பல வருஷம் தனியாகக் காலம் தள்ள வேண்டியவளும் அவள்தான். அப்போது கைக்கு என்ன வரும் என்று இப்போதே தெரிந்துகொள்ள வேண்டாமா?

தூத்துக்குடி மில்லர்புரம் பக்கம் ஒரு தெருவை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வீட்டில் ஓய்வுபெற்ற அரசுப் பள்ளி ஆசிரியர், அடுத்த வீட்டில் மில் தொழிலாளி, கடைசி வீட்டில் உப்பளத்துக் கூலி. மூவரும் உழைத்தவர்களே. முதுமை மட்டும் மூன்று விதம்.

2003-க்கு முன் வேலைக்குச் சேர்ந்த ஆசிரியருக்கு, முழு சர்வீஸ் இருந்தால், கடைசிச் சம்பளத்தில் பாதி பென்ஷன். விலைவாசிக்கு ஏற்பப் பஞ்சப்படியும் ஏறும். அவருக்குப் பின் மனைவிக்கு, சாதாரணமாகச் சம்பளத்தில் 30 சதவீதம் குடும்ப பென்ஷன்.

மில் தொழிலாளிக்கு 1995 நவம்பர் 16-ல் வந்த பி.எஃப். பென்ஷன் திட்டம். சம்பளத்தைச் சர்வீஸ் வருஷத்தால் பெருக்கி 70-ஆல் வகுப்பார்கள். 2014-ல் வைத்த உச்சவரம்பான 15,000 ரூபாயில், 30 வருஷக் கணக்குக்கு மாதம் 6,428 ரூபாய். மனைவிக்கு அதில் பாதி, 3,214. பஞ்சப்படி கிடையாது.

உப்பளத்தில் வெயிலில் காய்ந்த பெண்ணுக்கோ, ஆதரவற்றவள் என்று தாலுகா ஆபீஸில் மனுக் கொடுத்து வாங்கும் முதியோர் பென்ஷன்தான். 2011-ல் அது 1,000 ரூபாய் ஆனது, 2023-ல் 1,200. பன்னிரண்டு வருஷத்தில் கூடியது இருநூறே ரூபாய்!

"எல்லாருக்கும் பழைய பென்ஷனே கொடுத்தா என்னவாம்?" என்று கேட்கத் தோன்றும். சோற்றுப் பானையை நினைத்துப் பாருங்கள். உலை வைப்பவர் குறைந்து, பந்தியில் உட்காருபவர் பெருகினால் பானை தாங்குமா? இன்று ஆயுள் கூடிவிட்டது. வீட்டுக்கு ஒன்றிரண்டு பிள்ளைகளே. பழைய பென்ஷனோ அவ்வப்போதைய வரிப் பணத்திலிருந்து கொடுப்பது. அதனால்தான் தமிழக அரசு 2003 ஏப்ரலிலும், மத்திய அரசு 2004 ஜனவரியிலும், புதிதாகச் சேருகிறவர்கள் சம்பளத்தில் பங்கு கட்டும் முறைக்கு மாறின. ஆனால் முடிவில் எவ்வளவு வரும் என்ற உறுதி போயிற்று. ஊழியர்கள் போராடினார்கள். 2025 ஏப்ரலில் மத்திய அரசு ஒரு நடுவழியைக் கொண்டுவந்தது: ஊழியர் 10 சதவீதம் கட்ட வேண்டும், 25 வருஷ சர்வீஸுக்குப் பாதிச் சம்பளம் உறுதி, மனைவிக்கு அந்த பென்ஷனில் 60 சதவீதம்.

சரி, உப்பளத்துப் பெண்? சோப்பு வாங்கும்போது அவளும் வரி கட்டுகிறாள். அந்த வரியும் சேர்ந்துதான் அடுத்த வீட்டுப் பென்ஷனாகிறது. பானை எல்லாருக்கும் எட்ட வேண்டுமென்றால், மேலே பரிமாறும் அளவைப் பேசும்போதே கடைசி இலையையும் பார்க்க வேண்டும். முதியோர் பென்ஷனும் விலைவாசியோடு ஏறுவதுதான் நியாயம்.

அரசாங்கம் செய்வது ஒருபுறம். நாம் செய்ய வேண்டியதும் உண்டு. கணவரின் சர்வீஸ், பி.எஃப். காகிதங்களில் உங்கள் பெயரும் பிறந்த தேதியும் ஆதாரில் உள்ளபடியே இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு எழுத்து மாறினாலும் பின்னால் அலைச்சல்தான். பென்ஷன் வாங்கும் மாமனார், மாமியார் வருஷா வருஷம் உயிர்வாழ் சான்று கொடுக்கிறார்களா என்று கவனியுங்கள்.

வருமான வரி கட்டாத, 18 முதல் 40 வயதுக்குட்பட்ட சகோதரிகள் பேங்கிலோ தபால் ஆபீஸிலோ அடல் பென்ஷன் திட்டத்தில் தங்கள் பெயரிலேயே சேரலாம். 25 வயதில் மாதம் 376 ரூபாய் கட்டத் தொடங்கினால், 60 வயதிலிருந்து மாதம் 5,000 ரூபாய். 40 வயதில் தொடங்கினால் அதே தொகைக்கு மாதம் 1,454 கட்ட வேண்டும். முப்பத்தைந்து வருஷம் கழித்து ஐயாயிரத்துக்கு இன்றைய மதிப்பு இராது. அதை மட்டுமே நம்பிவிடவும் கூடாது. ஆனாலும் நம் பெயரில், நம் கைக்கு வரும் பணம் அல்லவா? இந்த மாத வரவு செலவு எழுதும்போது, நாளைக்கென்று ஒரு வரி சேர்த்து எழுதுங்கள்.