விற்பனைக்கு அல்ல! தங்கவயல் வீடுகளின் கிறிஸ்துமஸ் ஒயின்

விடியற்காலையில் மாரிகுப்பத்திலிருந்து புறப்படும் பெங்களூர் ரயிலில் ஜன்னலோர இடம் கிடைப்பது குதிரைக் கொம்பு. கோலார் தங்கவயலிலிருந்து சுமார் நூறு கிலோமீட்டர் தள்ளியுள்ள பெங்களூருக்கு நாள்தோறும் வேலைக்குப் போய், இருட்டிய பிறகு வீடு திரும்புகிறவர்கள் ஆயிரக்கணக்கானவர்கள். சீட்டாட்டம், பாட்டு, அரசியல், தூக்கம் என்று ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு குணம் உண்டு. ஆனால் நவம்பர் மாதம் பிறந்துவிட்டால் சில பெட்டிகளில் பேச்சே மாறிவிடுகிறது.

"என்னண்ணே, ஜாடி வெச்சாச்சா?"

"போன வாரமே வெச்சாச்சு தம்பி. இன்னைக்கு ஒன்பதாம் நாள். நல்லா பொங்குது."

"சர்க்கரை எவ்வளவு போட்டீங்க?"

"அதை மட்டும் கேக்காதே!"

புதிதாக ஏறியவர், ஊறுகாய் பற்றிய பேச்சு என்று நினைத்துக் கொள்வார். ஜாடி என்னவோ ஊறுகாய் ஜாடிதான். ஆனால் அதில் ஊறுவது மாங்காய் அல்ல, கறுப்புத் திராட்சை. கிறிஸ்துமஸ் பண்டிகைக்காக வீட்டிலேயே தயாராகும் ஒயின். தங்கவயலில் மட்டுமல்ல, பெங்களூரிலும் ஆங்கிலோ இந்தியர், தமிழ்க் கிறிஸ்தவர் வீடுகள் பலவற்றில் இந்தப் பழக்கம் இன்றும் இருக்கிறது.

பங்களாவிலிருந்து லைன் வீட்டுக்கு

1880-ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனியார் தங்கவயலில் சுரங்கம் தோண்டத் தொடங்கினார்கள். வட ஆற்காடு, சேலம், சித்தூர் பகுதிகளிலிருந்து தமிழர்கள் குடும்பம் குடும்பமாக வந்து சேர்ந்தார்கள். பூமிக்குள் இறங்கிப் பாறையை உடைத்தவர்கள் இவர்கள். மேற்பார்வை செய்தவர்கள் ஆங்கிலேயரும் ஆங்கிலோ இந்தியரும். 1902-ல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. பங்களாக்களும் கிளப்புகளும் கோல்ஃப் மைதானமும் பெருகிய அந்த ஊருக்குக் 'குட்டி இங்கிலாந்து' என்ற பெயரும் வந்தது.

டிசம்பர் வந்தால் பங்களாக்களில் பிளம் கேக், கல்கல், ரோஸ் குக்கீஸ் ஆகியவற்றுடன் ஒயினும் தயாராகும். ரோஸ் குக்கீஸ் என்பது நம் வீட்டு அச்சு முறுக்கின் சகோதரிதான். துரையும் துரைசாணியும் பண்டிகை கொண்டாடினால், அடுப்படியில் நிற்பது யார்? பங்களாச் சமையற்கட்டில் வேலை பார்த்த தமிழர்களுக்கும் அந்தப் பக்குவம் கைவந்தது. அதிகாரிக்கும் தொழிலாளிக்கும் நடுவே இருந்த வேலியை வேறு எதுவும் எளிதில் தாண்டவில்லை. சமையல் பக்குவம் தாண்டியது. சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீடுகளில், கட்டிலுக்கு அடியிலும் அலமாரி மூலையிலும் ஜாடிகள் இடம் பிடித்தன.

இருபத்தொரு நாள் கணக்கு

ஒயின் போடுவது மந்திரமல்ல, பொறுமை. ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டில் திராட்சை வாங்குவதிலிருந்தே பக்குவம் தொடங்குகிறது. கோலார், சிக்கபள்ளாப்பூர், பெங்களூர் சுற்றுவட்டாரத்தில் விளையும் 'பெங்களூர் ப்ளூ' என்ற விதையுள்ள, தடித்த தோல் திராட்சைதான் பலருக்கும் பிடித்தது. 2013-ல் புவிசார் குறியீடு பெற்ற பழம் அது. தின்னும்போது நாக்கில் புளிப்புத் தட்டினாலும் ஜாடிக்குள் போனால் அதன் நிறமும் மணமும் வேறு.

வீடுகளில் சாதாரணமாகச் சொல்லும் கணக்கு இது: திராட்சை 2 கிலோ, சர்க்கரை 2 கிலோ, காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் 3 லிட்டர், ஒரு கைப்பிடி கோதுமை, ஒரு சின்னக் கரண்டி ஈஸ்ட், இரண்டு துண்டு பட்டை, நாலைந்து கிராம்பு. பழத்தைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, கையால் பிசைந்து ஜாடியில் போடவேண்டும். தண்ணீர் நன்றாக ஆறியிருக்க வேண்டும். சூடாக இருந்தால் ஈஸ்ட் செத்துவிடும். ஜாடியை விளிம்பு வரை நிரப்பக் கூடாது. மூன்றில் ஒரு பங்கு காலியாக இருக்கவேண்டும். வாயை மல் துணியால் கட்டி இருட்டான மூலையில் வைத்துவிட்டு, நாள்தோறும் அல்லது ஒருநாள் விட்டு ஒருநாள் மரக் கரண்டியால் கிளறவேண்டும். பித்தளை, செம்பு, அலுமினியம் ஆகாது. திராட்சையின் புளிப்பு உலோகத்தை அரித்துவிடும்.

ஜாடிக்குள் நடப்பது என்ன? ஈஸ்ட் என்பது கண்ணுக்குத் தெரியாத உயிர். அது சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலையும் கரியமில வாயுவையும் வெளிவிடுகிறது. ரயிலில் பேசிக்கொண்ட 'பொங்குது' என்பது அந்த வாயுதான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் பிரெஞ்சு விஞ்ஞானி லூயி பாஸ்டர் இது உயிருள்ள ஈஸ்ட்டின் வேலை என்று நிலைநாட்டினார். பாஸ்டர் பெயரைக் கேட்டிராத பாட்டிமார்களும், ஜாடி பொங்குகிற சத்தத்தை வைத்தே அதன் உடல்நிலையைச் சொல்லிவிடுவார்கள்.

இருபத்தொன்றாம் நாள் வடிகட்டுவார்கள். அப்போது அது கலங்கலாக இருக்கும். சில நாள் தெளியவிட்டு, அடியில் தங்கிய மண்டியை விட்டு மேலாக இறுத்து, கருக்கிய சர்க்கரைப் பாகு கொஞ்சம் சேர்த்தால் மாணிக்க நிறம் வந்துவிடும். இரண்டு கிலோ பழத்துக்கு ஐந்தாறு பாட்டில் தேறும். பொங்கி அடங்குமுன் அவசரப்பட்டு பாட்டிலை இறுக மூடினால், நடுராத்திரியில் வெடிச் சத்தம் கேட்கும். சுவரெல்லாம் சிவப்பாகும். அந்த வீட்டுக்காரரை ரயிலில் ஒரு மாதம் கேலி செய்வார்கள்.

வீட்டுக்கு வீடு வாத்தியார்

இந்தக் கலையில் மாணவர் யாரும் இல்லை, எல்லோரும் வாத்தியார்களே. கோதுமை போட்டால்தான் ஈஸ்ட் சுறுசுறுப்பாகும் என்பது ஒரு கட்சி. கோதுமை போட்டால் தெளிய நாளாகும் என்பது எதிர்க்கட்சி. பழத்தை வேகவைத்துப் போடவேண்டும் என்பார் ஒருவர். பச்சையாகப் போட்டால்தான் மணம் என்பார் மற்றவர். மண்டியைத் தெளியவைக்க முட்டையின் வெள்ளைக் கருவை அடித்து ஊற்றுகிறவர்களும் உண்டு. விவாதம் ரயில் பங்காருபேட்டையைத் தாண்டும்போது தொடங்கினால் பெங்களூர் வரும்வரை ஓயாது.

ஆனால் சண்டையெல்லாம் வாயளவில்தான். ஒரு வீட்டில் ஜாடி விரிசல் விட்டால் அடுத்த வீட்டிலிருந்து ஜாடி வந்துவிடும். ஈஸ்ட் வாங்க மறந்தவருக்கு எதிர்வீட்டில் ஒரு கரண்டி கிடைக்கும். முதல் தடவை போடுகிற இளம் தம்பதிக்கு, ஜாடியைக் கிளறிப் பார்த்து நல்ல வார்த்தை சொல்ல ஒரு பெரியம்மா வந்து நிற்பார். காற்றும் கிருமியும் புகுந்து ஜாடி புளித்துப்போனாலும் நஷ்டமில்லை. ஒயின் கெட்டால் வினிகர். அந்த வினிகரில் பன்றிக்கறி விண்டாலு செய்தால் தெருவே மணக்கும். "இந்த வருஷம் எங்க வீட்டில் விண்டாலுதான்" என்று ஒருவர் சொன்னால், அவர் ஜாடிக்கு என்ன நேர்ந்தது என்று எல்லோருக்கும் புரிந்துவிடும்.

ஜாடி வைத்த அறையின் சாவி பெரும்பாலும் வீட்டு அம்மாளின் முந்தானையில்தான் இருக்கும். காரணம் சொல்ல வேண்டியதில்லை. குடிப்பழக்கம் பிடித்த வீட்டில் ஜாடி இருபத்தொரு நாள் தாங்காது. மூன்று வாரம் தொடாமல் காத்திருக்கத் தெரிந்த வீட்டுக்கே ஒயின் கிடைக்கிறது. அதுவும் பண்டிகை நாளில் சின்னக் கண்ணாடிக் கிளாஸில் அரை கிளாஸ். கூடவே ஒரு துண்டு கேக்.

ஊறலுக்கும் ஒயினுக்கும் உள்ள தூரம்

'ஊறல்' என்ற சொல்லைக் கேட்டாலே நம்மவர்களுக்கு வயிறு கலங்கும். அதற்குக் காரணம் உண்டு. 1981-ஆம் ஆண்டு ஜூலையில் பெங்களூரில் விஷச் சாராயம் குடித்து முந்நூறுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். 2008-ஆம் ஆண்டு மே மாதம் கர்நாடகத்திலும் எல்லையை ஒட்டிய தமிழ்நாட்டுப் பகுதியிலும் மீண்டும் நூற்றுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. செத்தவர்களில் மிகப் பலர் தினக்கூலிகள்.

அந்தச் சாவுகளுக்குக் காரணம் மெத்தனால். தொழிற்சாலை உபயோகத்துக்கான அந்த ரசாயனத்தை, லாப வெறியர்கள் சாராயத்தில் கலந்து விடுகிறார்கள். உடலுக்குள் போனதும் அது ஃபார்மிக் அமிலமாக மாறிப் பார்வையைப் பறிக்கிறது; உயிரையும் குடிக்கிறது. வீட்டு ஒயினில் காய்ச்சி வடிக்கும் வேலையே கிடையாது. ஆல்கஹால் 15 சதவிகிதத்தை நெருங்கும்போது ஈஸ்ட் தானே சோர்ந்து நின்றுவிடும். வீட்டு ஜாடியில் அந்த அளவுகூட எட்டுவது அபூர்வம்.

ஆனாலும் ஒன்றை மறக்கக் கூடாது. உரிமம் இல்லாமல் மதுபானம் தயாரிப்பதும் விற்பதும் கர்நாடக எக்சைஸ் சட்டப்படி குற்றம். பண்டிகைப் பழக்கம் என்பதால் சட்டம் இல்லாமல் போய்விடாது. அனுபவசாலிகள் இதை நன்றாக அறிவார்கள். அதனால்தான் அவர்கள் சில கட்டுப்பாடுகளை மீறுவதில்லை: விற்பதில்லை, காய்ச்சி வடிப்பதில்லை, முகம் தெரியாதவர் கொடுத்த பாட்டிலைத் திறப்பதில்லை. யார் வீட்டுப் பழம், யார் கை பிசைந்தது என்று தெரிந்தால்தான் கிளாஸை நீட்டுவார்கள். விலை வைத்த அன்றே அது சாராயக் கடையாகிவிடும் என்பது அவர்கள் கருத்து.

குடிக்காதவருக்கும் ஒரு கிளாஸ்

மதுவைத் தொடாத குடும்பங்கள் கிறிஸ்தவர்களிலேயே ஏராளம். அவர்களுக்கும், குழந்தைகளுக்கும், பண்டிகைக்கு வாழ்த்துச் சொல்ல வரும் இந்து, முஸ்லிம் அக்கம்பக்கத்தாருக்கும் இஞ்சி ஒயின் தயாராக இருக்கும். பெயர்தான் ஒயின், பலர் வீட்டில் அதில் போதைச் சத்து கிடையாது. இஞ்சி, பட்டை, ஒன்றிரண்டு காய்ந்த மிளகாய், சர்க்கரை ஆகியவற்றைக் கொதிக்கவைத்து வடிகட்டி, எலுமிச்சம்பழம் பிழிந்து, கருக்கிய சர்க்கரையால் நிறமேற்றுவார்கள். ஊற வைக்காமல் அன்றே குடிப்பது. டிசம்பர் குளிரில் ஒரு மடக்கு குடித்தால் தொண்டை முதல் வயிறு வரை கதகதக்கும்.

தீபாவளிக்கு முறுக்கும் அதிரசமும் வந்த தட்டு, கிறிஸ்துமஸுக்குக் கேக்கும் கல்கல்லும் சுமந்து திரும்பிப் போகும். பொங்கலுக்கு மறுபடி வரும். இரவில் கீதம் பாடி வருகிற கோஷ்டிக்கும் வாசலிலேயே கிளாஸ் நீட்டப்படும். மறுநாள் எந்த வீட்டு ஒயின் முதல் பரிசு என்று தெருவே தீர்ப்புச் சொல்லும்.

சுரங்கம் மூடிய பிறகு

மூன்று கிலோமீட்டருக்கும் அதிக ஆழம் போய், சுமார் 800 டன் தங்கத்தை நாட்டுக்கு எடுத்துக் கொடுத்த சுரங்கம் 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி இறுதியோடு மூடப்பட்டது. சங்கு ஊதுவது நின்றது. ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களில் பல முன்னதாகவே ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் போய்விட்டன. தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் பெங்களூரிலும் சென்னையிலும் பிழைப்புத் தேடினார்கள். மிஞ்சியவர்கள் ரயிலைப் பிடித்தார்கள்.

பூமிக்கடியில் ஒரே கூண்டில் இறங்கியவர்களைச் சேர்த்து வைத்தது ஆபத்து. ஒருவர் உயிர் மற்றவர் கையில் இருந்தது. அந்த வேலை போன பிறகு, பக்கத்து வீட்டுக் கதவைத் தட்ட ஒரு காரணம் வேண்டியிருக்கிறது. நவம்பரில் ஜாடி அந்தக் காரணத்தைக் கொடுக்கிறது. கடையில் பாட்டில் ஒயின் தாராளமாகக் கிடைக்கும் காலத்தில் இத்தனை பாடு எதற்கு என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். கடைப் பாட்டில் வாங்கப் பக்கத்து வீட்டு ஜாடியோ எதிர்வீட்டு ஈஸ்ட்டோ தேவையில்லை. அதுதான் அதிலுள்ள குறை.

டிசம்பர் 24-ஆம் தேதி மாலை பெங்களூரிலிருந்து திரும்பும் ரயிலில் இடமே இருக்காது. வெளியூர் போன பிள்ளைகளும் பேரக் குழந்தைகளும் பெட்டி படுக்கையோடு ஏறுவார்கள். பங்காருபேட்டை தாண்டியதும் யாராவது ஒருவர் ஆரம்பிப்பார்: "அம்மா இந்த வருஷம் எத்தனை பாட்டில் எடுத்தாங்களாம்?" மாரிகுப்பத்தில் இறங்கும்போது மணி எத்தனையானாலும் வீட்டில் விளக்கு எரிந்துகொண்டிருக்கும். மேஜைமேல் சின்னக் கிளாஸ்கள் கவிழ்த்து வைத்திருக்கும். வந்து சேர வேண்டியவர்களின் எண்ணிக்கைக்கு ஒன்று கூடுதலாகவே. பக்கத்து வீட்டுக்காரரும் வருவார் அல்லவா?