பிஷப் இல்லாத சபை
(சபைகள் பிறந்த கதை – 9)

போதகரை ஊர் விட்டு ஊர் மாற்றும் மெதடிஸ்ட் பிஷப்புகளின் அதிகாரத்தைப் போன வாரம் பார்த்தோம். பாப்டிஸ்டுகளிடம் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. போதகரை அழைப்பது, வேண்டாம் என்று அனுப்புவது, டீக்கன்களைத் தேர்ந்தெடுப்பது, புதியவரைச் சேர்ப்பது எல்லாமே அந்தந்த ஊர்ச் சபை கூடி ஓட்டுப் போட்டு எடுக்கும் முடிவு. விவரம் தெரிந்த வயதில் தானாக விரும்பி, தண்ணீரில் முழுகி ஞானஸ்நானம் எடுத்தவரே அங்கத்தினர். ஆளுக்கொரு ஓட்டு. அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நடைமுறையில்?

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் பிளெய்ன்ஸ் என்றொரு சிற்றூர். கறுப்பின மக்களை ஆராதனைக்குள் விடக்கூடாது என்று 1965இல் அங்குள்ள பாப்டிஸ்ட் சபையின் டீக்கன்கள் தீர்மானம் கொண்டுவந்தார்கள். அவர்களில் ஒருவரான ஜிம்மி கார்ட்டர் சபைக் கூட்டத்தில் அதை எதிர்த்துப் பேசினார். ஓட்டெடுப்பில் அவர் குடும்பத்தாரையும் இன்னொருவரையும் தவிர வேறு யாரும் எதிர்க்கவில்லை. பலர் எந்தப் பக்கமும் சேராமல் உட்கார்ந்திருந்தார்கள். தீர்மானம் நிறைவேறியது. ரத்து செய்ய மேலே யாரும் இல்லை.

பதினோரு வருடம் கழித்து அதே கார்ட்டர் ஜனாதிபதி வேட்பாளர். தேர்தலுக்கு இரண்டு நாள் முன்பு, 1976 அக்டோபர் 31, ஞாயிற்றுக்கிழமை. கிளெனன் கிங் என்ற கறுப்பினப் போதகர் அங்கத்தினராகச் சேர வந்தார். டீக்கன்கள் அன்றைய ஆராதனையையே ரத்து செய்துவிட்டார்கள். நவம்பர் 14இல் சபை கூடியது. கார்ட்டர் அதற்குள் தேர்தலில் வென்றிருந்தார். ஆனாலும் அந்தக் கூட்டத்தில் அவருக்கும் ஒரே ஓட்டுதான். தடை நீங்கியது. தடையை எதிர்த்த போதகரை நீக்கும் முயற்சியும் அன்றைக்கே நடந்து, மயிரிழையில் தோற்றது. மனக்கசப்பு மட்டும் ஆறவில்லை. மறு வருடம் ஒரு பகுதியினர் பிரிந்துபோய் மாரநாதா பாப்டிஸ்ட் சபையைத் தொடங்கினார்கள். பதவிக்காலம் முடிந்து ஊர் திரும்பிய கார்ட்டர் சேர்ந்ததும், ஞாயிறு பள்ளி நடத்தியதும் அங்கேதான்.

நம்பிக்கை விஷயத்திலும் இதே வழக்கம். 1644இல் லண்டனின் ஏழு சபைகள் கூடி ஒரு விசுவாச அறிக்கை வெளியிட்டதிலிருந்து பாப்டிஸ்டுகள் எத்தனையோ அறிக்கைகள் எழுதியிருக்கிறார்கள். எதுவும் வேதத்துக்குச் சமமல்ல. அமெரிக்க பாப்டிஸ்ட் சபைகளின் கூட்டமைப்புகளில் ஒன்றான சதர்ன் பாப்டிஸ்ட் கன்வென்ஷன் 1925இல் ஏற்ற அறிக்கையின் முன்னுரையே, இது குற்றமற்றது அல்ல, இறுதியானதும் அல்ல என்கிறது. 1963இலும் 2000இலும் அதைத் திருத்தினார்கள். ஆண்களே போதகராகலாம் என்ற வரி 2000இல் நுழைந்தது. அதே வருடம் கார்ட்டர் அந்த கன்வென்ஷனுடன் உறவை முறித்துக்கொண்டார்.

அப்படியானால் கன்வென்ஷனின் கைக்கு எட்டுவது எது? கலிபோர்னியாவின் சாடில்பேக் சபை 2021இல் மூன்று பெண்களைப் போதகர்களாக அபிஷேகம் செய்தது. 2023இல் கன்வென்ஷனின் நியூ ஆர்லியன்ஸ் கூட்டத்தில் அதன் நிறுவனர் ரிக் வாரன் நேரில் வந்து வாதாடியும், பெரும்பான்மை ஓட்டு சபையை வெளியே அனுப்பியது. ஆனால் அதன் கட்டடத்தைப் பூட்டவோ, போதகர்களைப் பதவி நீக்கவோ கன்வென்ஷனால் முடியாது. ‘இனி நீங்கள் எங்களோடு சேர்த்தி இல்லை’ என்று சொல்லலாம். அவ்வளவுதான்.

இந்த ஏற்பாடு ஒரு சபையை நல்ல சபையாக்கிவிடாது, பிளெய்ன்ஸே சாட்சி. ஆனால் பழியை மேலிடத்தின் தலையில் போட்டுத் தப்பிக்க வழியில்லை. கதவை அடைத்தவர்களும் அவர்கள்தான், திறந்தவர்களும் அவர்கள்தான்.

அரசனுக்கு மனிதரின் ஆன்மாவின் மீது அதிகாரமில்லை என்று 1612இல் புத்தகம் எழுதி, நியூகேட் சிறைக்குப் போன தாமஸ் ஹெல்விஸின் கதை அடுத்த வாரம்.

(தொடரும்)